எத்தனை வருஷம் வரும்? பாசன மோட்டார்களின் ஆயுள் கணக்கு

மோட்டார் கடையில் விலை பேசி முடிந்த பிறகு தோட்டக்காரர் கடைசியாக ஒரு கேள்வி கேட்பார்: "அண்ணாச்சி, எத்தனை வருஷம் வரும்?" கடைக்காரர் சொல்லும் பதிலும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "தண்ணியப் பொறுத்து, கரண்டப் பொறுத்து." கேட்பவருக்கு அது நழுவுவது போலத் தோன்றும். ஆனால் விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் எந்த எண்ணையும்விட அந்தப் பதில் நேர்மையானது. ஆயுள் பொருளுக்குள் மட்டும் இல்லை, அது படும் பாட்டிலும் இருக்கிறது என்று அது ஒப்புக்கொள்கிறது. அதில் ஒரே ஒரு குறை, எண் இல்லை. எந்தத் தண்ணீரில் எவ்வளவு, எந்தக் கரண்டில் எவ்வளவு என்று சொல்லும் கணக்கு உலகில் ஏறத்தாழ நூறாண்டாக வளர்ந்திருக்கிறது. விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் அதைப் போடுகிறார்கள். எலுமிச்சைத் தோட்டத்து மோட்டாருக்கு யாரும் போடுவதில்லை.

புளியங்குடியை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. மதுரையிலிருந்து தென்காசி போகும் சாலையில் வாசுதேவநல்லூரைத் தாண்டினால், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருக்கும் ஊர். அதன் எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நெல்லுக்கு ஒரு போகம் போனால் அந்தப் போகத்தோடு போயிற்று. எலுமிச்சை அப்படி இல்லை, ஆண்டு முழுதும் நிற்கும் மரம். கோடையில் பழத்துக்கு விலை ஏறும், அதே கோடையில்தான் கிணற்றிலும் போரிலும் தண்ணீர் இறங்கும். பங்குனி, சித்திரையில் மோட்டார் நின்றால் பிஞ்சு உதிரும். மழைக்காலத்தில் அதே மோட்டார் அதே விதமாக நின்றால் ஒரு வாரம் யாரும் கவலைப்படமாட்டார்கள். ஆகவே "எத்தனை வருஷம்" என்ற கேள்விக்குள் "எந்த மாசம்" என்ற கேள்வியும் ஒளிந்திருக்கிறது. மலையடிவாரம் கடினப் பாறைப் பகுதி. பாறை வெடிப்புகளில் ஊறி வரும் தண்ணீரைத்தான் நம்ப வேண்டும், அதுவும் போருக்குப் போர் மாறும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு மோட்டார்கள், வரப்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இறங்கி, வேறு வேறு வாழ்க்கை வாழும்.

மின்சாரத்துக்கு முன்னால் கமலை இருந்தது. வடமும் தோலும் எப்போது இற்றுப்போகும் என்று இறைத்தவருக்கு ஏறத்தாழத் தெரியும். தேய்வது கண்ணுக்கு முன்னால் நடந்தது, கை அதைத் தொட்டுப் பார்த்தது. பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. 1937-இல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைத் தயாரித்தார்கள். 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. கிணற்று மேட்டில் மோனோபிளாக் உட்கார்ந்திருந்த காலத்தில்கூடப் பேரிங் இரைவதைக் காதால் கேட்டு, "மாத்தணும்போல" என்று சொல்ல முடிந்தது. நீர்மூழ்கி மோட்டார் அந்த வசதியைப் பறித்துவிட்டது. பல நூறு அடி ஆழத்தில், இருட்டில், தண்ணீருக்குள் ஓடும் ஒன்றின் உடல்நிலை மேலே நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஆம்பியர் காட்டும் முள் ஒன்றுதான் மிச்சமிருக்கும் நாடி. அதையும் பல பேனல் போர்டுகளில் பார்க்க முடியாது, கண்ணாடி மங்கியிருக்கும் அல்லது மீட்டரே இருக்காது.

ஆயுளைக் கணிக்க முதல் படி, மோட்டார் எப்படிச் செத்தது என்று பிரித்துப் பார்ப்பது. இந்த வேலையை நம் ஊர் காயில் கட்டும் பட்டறைகள் தினமும் செய்கின்றன, பெயர் வைக்காமல்.

எரிந்த மோட்டாரைப் பிரித்ததும் பட்டறைக்காரர் முதலில் பார்ப்பது கறுப்பு எப்படிப் பரவியிருக்கிறது என்பதை. மும்முனை மோட்டாருக்குள் மூன்று ஃபேஸுக்கும் தனித்தனிக் காயில் தொகுதிகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஃபேஸ் போய்விட்டால், மிச்சமுள்ள இரண்டில் மோட்டார் முக்கி முக்கி ஓடும். ஸ்டார் இணைப்பாக இருந்தால் இரண்டு தொகுதி கறுத்து, ஒன்று மட்டும் புதுசு போல இருக்கும். டெல்டாவாக இருந்தால் ஒன்று கறுத்து இரண்டு பிழைத்திருக்கும். மூன்றும் ஒன்றுபோல் கருகியிருந்தால் கதை வேறு. லோ வோல்டேஜோ, சுமை கூடியதோ, இம்பெல்லர் இறுகியதோ, மோட்டாரைச் சுற்றித் தண்ணீர் ஓடாமல் சேற்றுக்குள் உட்கார்ந்ததோ காரணமாக இருக்கலாம். எல்லாம் நன்றாக இருந்து ஒரே இடத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை விழுந்திருந்தால் இடிமின்னலையோ, உறை பழுதான கம்பியையோ சந்தேகிக்க வேண்டும். ஐப்பசி இடிமழைக்குப் பிறகு வரும் மோட்டார்களில் இதைப் பார்க்கலாம்.

காயிலோடு கதை முடிவதில்லை. நீர்மூழ்கி மோட்டாரின் அடியில், ரோட்டாரின் எடையையும் பம்பு கீழ்நோக்கி அழுத்தும் அழுத்தத்தையும் தாங்கும் திரஸ்ட் பேரிங் இருக்கிறது. தண்ணீர்தான் அதற்கு எண்ணெய். மோட்டாருக்குள் நிரப்பிய தண்ணீர் கசிந்து குறைந்தால் அது வறண்டு தேயும். அது தேய்ந்தால் ரோட்டார் இறங்கும், இறங்கினால் உரசும், உரசினால் சுமை கூடிக் கடைசியில் காயில் எரியும். தோட்டக்காரர் சொல்வது "காயில் எரிஞ்சிருச்சு". ஆனால் கொலையாளி பேரிங். பம்புப் பக்கத்தில் போர் வறண்டு தண்ணீரில்லாமல் ஓடினால் சில நிமிடங்களிலேயே புஷ்கள் போய்விடும். மணல் வரும் போரில் இம்பெல்லரும் புஷ்ஷும் அரைபட்டு, தண்ணீர் மாதா மாதம் குறையும். மோட்டார் சாவதில்லை, பம்பு மெலிகிறது. இது போதாதென்று கேபிள் ஜாயின்ட். கை வேலையாகச் சுற்றிய ஒட்டு நாடாவுக்குள் தண்ணீர் புகுந்தால், ஆயிரக்கணக்கில் விலைபோகும் மோட்டார் ஒரு சுற்று டேப்புக்காக மேலே வர வேண்டியதுதான்.

இந்தப் பிரிவினை ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு சாவுக்கும் தனிக் காலக்கணக்கு உண்டு. மோசமாகப் போட்ட ஜாயின்ட் முதல் சில வாரங்களிலோ மாதங்களிலோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கண்டத்தைத் தாண்டிய ஜாயின்டை ஓரளவு நம்பலாம். மின்னலுக்கு வயது தெரியாது. நேற்று இறக்கிய மோட்டாரையும் பத்தாண்டு ஓடிய மோட்டாரையும் ஒரே மாதிரி அடிக்கும். திரஸ்ட் பேரிங் மட்டும் வயதுக்குக் கட்டுப்பட்டது, ஓட ஓடத் தேய்ந்து ஒரு கட்டத்துக்கு மேல் நெருக்கடி கொடுக்கும். பழுது நேரும் வேகத்தை வயதுக்கு எதிரே வரைந்தால், முதல் வகைக்குக் கோடு இறங்கும், இரண்டாவதற்குச் சமமாக ஓடும், மூன்றாவதற்கு ஏறும். மூன்றையும் சேர்த்து வரைந்தால் இரு பக்கமும் உயர்ந்து நடுவில் தட்டையான ஒரு வடிவம் வரும். குளியல்தொட்டி வளைவு என்று பாடப்புத்தகங்களில் அச்சாவது அதுதான்.

இந்த மூன்றையும் ஒரே சமன்பாட்டுக்குள் அடக்கியவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வெய்புல். 1939-இல் பொருள்களின் வலிமை குறித்து எழுதத் தொடங்கி, 1951-இல் வெளியிட்ட கட்டுரையில் தன் சூத்திரம் எதற்கெல்லாம் பொருந்தும் என்று காட்ட ஏழு எடுத்துக்காட்டுகள் கொடுத்தார். எஃகின் வலிமையும் களைப்பும் இருந்தன. பிரிட்டனில் பிறந்த ஆண்களின் உயரம் இருந்தது, அவரைவிதையின் அகலம்கூட இருந்தது. அவற்றோடு இந்தியப் பருத்தி இழையின் வலிமையும் ஒன்று. கரிசல்காட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இந்தத் துணுக்கு ஒரு சிறு பெருமை, வேறு பயன் இல்லை.

பயன் சூத்திரத்தில் இருக்கிறது. அதில் வடிவ எண் என்று ஒன்று வரும். அது 1-க்குக் கீழே இருந்தால் இளவயது மரணம், 1 என்றால் வயதுக்குத் தொடர்பில்லாத விபத்து, 1-க்கு மேல் என்றால் தேய்மானம். பட்டறைக்கு வந்த மோட்டார்களின் வயதை அதற்கென அமைந்த வரைதாளில் புள்ளிகளாக வைத்தால் நேர்கோடு விழும், அதன் சரிவே வடிவ எண். கோடு நடுவில் முறிந்தால், இரண்டு வகைச் சாவுகளைக் கலந்துவிட்டோம் என்று அர்த்தம். திரும்பிப் போய்ப் பிரிக்க வேண்டும். எப்படி என்பதைக் கேட்காமல் எப்போது என்று கேட்டால் கணக்கே நம்மைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

சராசரி ஆயுள் என்ற சொல் செய்யும் தீங்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். "சராசரி ஆயுள் 10 ஆண்டு" என்றதும், பத்தாண்டுக்குக் கவலையில்லை என்று மனம் எடுத்துக்கொள்கிறது. வயதோடு தொடர்பில்லாத பழுது என்றால், பத்தாண்டு முடியும்போது 100 மோட்டாரில் 63 செத்திருக்கும். பாதிக்கு மேல் சராசரியைத் தொடவே தொடாது. தேய்மானப் பழுது என்றால் பெரும்பாலானவை சராசரியை ஒட்டிச் சாகும். சராசரி ஒன்றுதான், வாழ்க்கை இரண்டு. வடிவ எண் இல்லாமல் சொல்லும் சராசரியால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை.

அந்தச் சராசரியையே நாம் தப்பாகப் போடுகிறோம் என்பது இன்னொரு சங்கடம். கணக்குக்காக ஒரு தெருவில் பத்து மோட்டார்கள் ஒரே நாளில் இறங்கின என்று வைப்போம். நான்கு மோட்டார்கள் 2, 3, 5, 6 ஆண்டுகளில் செத்தன. ஏழாவது ஆண்டு முடிவில் மிச்சம் ஆறும் ஓடுகின்றன. பட்டறைக்காரர் தான் பார்த்த நான்கையும் வைத்து "நாலு வருஷம் வரும்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் அவர் கடைக்கு வராது, அவ்வளவுதான். மொத்த ஓட்டத்தையும் கூட்டினால் செத்தவை 16 ஆண்டு, உயிரோடிருப்பவை 42 ஆண்டு, ஆக 58. அதை நான்கு சாவுக்குப் பங்கிட்டால் ஒரு சாவுக்கு 14.5 ஆண்டு. உயிரோடிருப்பவர்களையும் கணக்கில் சேர்க்கும் முறையை 1958-இல் எட்வர்ட் கப்லானும் பால் மேயரும் ஒரே கட்டுரையாக வெளியிட்டார்கள். முதலாமவர் கடலடித் தொலைபேசிக் கேபிளில் பொருத்தும் வால்வுகளின் ஆயுளைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மற்றவர் மருத்துவப் புள்ளியியலாளர். இன்று புற்றுநோய் ஆய்வுகள் பலவற்றில் அந்த முறை வரையும் படிக்கட்டு வளைவு இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான மயக்கமும் ஊரில் உண்டு. "அந்தக் காலத்து மோட்டார்போல இப்ப எங்க வருது? எங்க அப்பா போட்டது முப்பது வருஷமா ஓடுது." ஓடுவது உண்மை. ஆனால் அதே ஆண்டு வாங்கி, என்றோ பழைய இரும்புக்குப் போன மற்றவை சாட்சி சொல்ல வருவதில்லை. பட்டறைக்காரர் செத்ததை மட்டும் பார்க்கிறார், பெரியவர் பிழைத்ததை மட்டும் பார்க்கிறார். அதற்காகப் பெரியவரை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. அந்தக் கால மோட்டார் திறந்த கிணற்று மேட்டில், காற்றோட்டத்தில், குறைந்த ஆழத்துக்கு இறைத்தது. இன்றைய மோட்டாரிடம் நாம் கேட்கும் வேலை வேறு.

வயது என்று சொல்லிக்கொண்டே வருகிறோம், எந்தக் கடிகாரத்தில் அளக்கும் வயது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் சுவையான கேள்வி இதுதான். பேரிங்குக்கு வயது என்பது சுற்று. நிமிடத்துக்கு 2,900 சுற்று ஓடும் மோட்டாருக்குப் பத்து லட்சம் சுற்று என்பது ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. காயிலுக்கு வயது என்பது பட்ட சூட்டின் கூட்டுத்தொகை. ஸ்டார்ட்டரின் கான்டாக்டுக்கு வயது என்பது எத்தனை முறை போட்டு அணைத்தோம் என்பது. நேரடியாகப் போடும் மோட்டார், கிளம்பும் நொடியில் வழக்கமான ஆம்பியரைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு இழுக்கும். ஊற்றுக் குறைந்த போரில் லெவல் கார்டு மாட்டி, தண்ணீர் ஏற ஏற ஓட்டி, இறங்க இறங்க நிறுத்தினால், டிரை ரன்னிலிருந்து காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டே வேறொரு கடிகாரத்தை வேகமாகச் சுற்றுகிறோம். ரப்பர் சீலுக்கோ நாட்காட்டியே வயது, ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

நாட்காட்டி வயதைப் பெரிய இடத்திலும் மறந்து பட்டிருக்கிறார்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட் கிளம்ப வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் இரண்டாம் கட்டத்தின் எரிபொருள் கசிந்தது. தொட்டி செய்த அலுமினியக் கலவைக்குத் தகைவு அரிப்பினால் நாளாவட்டத்தில் விரிசல் காணும் இயல்பு இருந்தது. ஒரு நொடிகூடப் பறக்காத தொட்டி, நின்ற இடத்திலேயே மூப்படைந்திருந்தது. கலவையை மாற்றிப் புதிய கட்டம் செய்து, 2014 ஜனவரி 5 அன்று அதே ராக்கெட்டை வெற்றிகரமாக ஏவினார்கள்.

நம் தோட்டத்து மோட்டாருக்கு ஓடிய மணிநேரம்கூடத் தெரியாது. தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாயிகள் அனைவருக்கும் மின்சாரம் இலவசம், பெரும்பாலான விவசாய இணைப்புகளில் மீட்டர் இல்லை. இலவசத்தைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. கிணற்றுப் பாசனத்தில் அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மீட்டரோடு சேர்ந்து மணிநேரக் கணக்கும் போனது. நாலு வருஷம் ஓடியது என்றால், அதில் எத்தனை மணி நேரம் என்று கேட்க வழியில்லை. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில், மற்ற நேரத்தில் இருமுனையிலேயே கண்டன்சர் போட்டு ஓட்டிய தோட்டங்களில் அந்த நாலு வருஷம் மோட்டாருக்கு எவ்வளவு கனமான நாலு வருஷமாக இருந்திருக்கும் என்று எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

சூட்டின் கணக்கு மட்டும் ஓரளவு தெளிவாக இருக்கிறது. 1930-இல் மான்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர், டிரான்ஸ்பார்மர் காப்புறையின் வெப்பம் 8 டிகிரி கூடும்போதெல்லாம் ஆயுள் பாதியாகிறது என்று கண்டார். மோட்டார் துறையில் அது 10 டிகிரி விதியாக நிலைத்துவிட்டது. மேல்தள மோட்டாரின் பி வகுப்புக் காப்புறைக்கு 130 டிகிரி, எஃப் வகுப்புக்கு 155 டிகிரி என்று வரம்பு உண்டு. நீர்மூழ்கி மோட்டாரில் பி.வி.சி. உறை போட்ட கம்பிக்கு வரம்பு 70 டிகிரி அளவுதான். அதனால் அங்கே சகிப்புக்கு இடம் குறைவு. மூன்று ஃபேஸின் வோல்டேஜ் சமமாக இல்லாமல் 3.5 சதவீதம் விலகினால், வெப்ப உயர்வு ஏறத்தாழக் கால் பங்கு கூடும் என்பது பொறியாளர்கள் கையாளும் தோராயம். டிரான்ஸ்பார்மருக்குத் தொலைவில், கம்பியின் கடைக்கோடியில் இருக்கும் தோட்டம் இதை மாதச் சம்பளம்போல வாங்கிக்கொண்டிருக்கும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், இழுக்கும் திருகுவிசை 64 சதவீதமாக இறங்கிவிடும். கடைக்காரர் சொன்ன "கரண்டப் பொறுத்து" என்பதற்கு எண் இதுதான்.

பேரிங்குக்கும் அப்படி ஒரு விதி உண்டு. எஸ்.கே.எஃப். நிறுவனத்தின் ஆர்விட் பாம்கிரென் 1924-இல் தொடங்கி, 1947-இல் லுண்ட்பெர்க்குடன் சேர்ந்து வெய்புலின் கோட்பாட்டை வைத்து முடித்தது அது. குண்டு பேரிங்கில் சுமை இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். 26 சதவீதம் கூடினாலே பாதியாகிவிடும். கவனிக்க வேண்டியது, பேரிங் உலகம் சராசரி பேசுவதில்லை. நூற்றில் பத்து செத்து, தொண்ணூறு பிழைத்திருக்கும் காலத்தையே ஆயுள் என்று அச்சிடுகிறது. பம்புக்கும் அப்படி ஒரு எண்ணை அச்சிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். நீர்மூழ்கிப் பம்புக்கான ஐ.எஸ். 8034, அதன் மோட்டாருக்கான ஐ.எஸ். 9283 ஆகிய இந்தியத் தரநிலைகள் புதிய பம்பு எவ்வளவு இறைக்கும், எவ்வளவு சூடாகும், மின்கசிவைத் தாங்குமா என்று சோதிப்பவை. மின்சிக்கனத்துக்கு நட்சத்திர முத்திரையும் உண்டு. ஆயுளுக்கு நட்சத்திரம் இல்லை.

எல்லாமே வயதாகித் தேய்ந்து சாகின்றன என்ற நம் பொது எண்ணத்துக்கு 1978-இல் ஒரு பெரிய அடி விழுந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நவுலனும் ஹோவர்ட் ஹீப்பும், அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக எழுதிய அறிக்கையில் விமான உறுப்புகளின் பழுதுகளை வகை பிரித்தார்கள். குளியல்தொட்டி வடிவம் காட்டியவை வெறும் 4 சதவீதம். தேய்மானம் என்று எந்த வகையிலாவது சொல்லத்தக்கவை மொத்தம் 11 சதவீதம். 68 சதவீதம் தொடக்கத்தில் பழுதாகும், அந்தக் கண்டம் தாண்டினால் வயதைப் பார்க்காமல் ஓடும். குறிப்பிட்ட மணிநேரத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றி மாட்டும் பழக்கம், புதிய தொடக்கக் கண்டங்களைத்தான் உண்டாக்கிக்கொண்டிருந்தது என்பது அதன் பொருள். இதை அப்படியே பம்புக்கு ஒட்ட முடியாது. விமானத்தில் மின்னணுவும் பல்லுறுப்புக் கருவிகளும் அதிகம், பம்பில் உரசலும் மணலும் அதிகம். ஆனாலும் நன்றாக ஓடும் மோட்டாரை "சர்வீஸ் பண்ணிரலாம்" என்று தூக்கும் வழக்கத்தை அது கேள்வி கேட்கிறது. தூக்கி இறக்கும்போது கேபிள் உரசும், ஜாயின்ட் புதிதாகும்.

எண்ணிக்கையே இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள்? திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரியில் இருக்கிறது இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். மனிதரை ஏற்றும் ககன்யானுக்காக சிஇ-20 கிரையோஜெனிக் இயந்திரத்தைத் தகுதிப்படுத்தும் சோதனைகள் 2024 பிப்ரவரியில் அங்கே முடிந்தன. நான்கு இயந்திரங்கள், 39 சோதனைகள், 8,810 நொடிகள். குறைந்தபட்சத் தேவை 6,350 நொடிகள்தான். 39 முறையும் ஒரு குறையுமின்றி ஓடியதாகவே வைத்துக்கொண்டாலும், வெறும் எண்ணிக்கை தரும் உறுதி குறைவு. நூற்றுக்கு ஏழெட்டுப் பழுது வாய்ப்பு இருக்கலாம் என்ற ஐயத்தைப் புள்ளியியல் நீக்காது. மூன்றை 39-ஆல் வகுத்தால் வருவது அதுதான். மிச்ச நம்பிக்கை வேறு இடத்திலிருந்து வருகிறது: வரம்புக்கு மேல் ஓட்டிப் பார்ப்பது, ஒவ்வொரு வால்வும் எப்படிக் கெடலாம் என்று முன்கூட்டி எழுதிவைப்பது, கெட்டதை அறுத்துப் பார்ப்பது. மகேந்திரகிரிக்காரர்களுக்குச் சாவு குறைவு, அறிவு அதிகம். புளியங்குடிப் பட்டறைகளுக்குச் சாவு ஏராளம், எழுத்து இல்லை.

தயாரிப்பாளர்களிடம் கணக்கு இருக்குமே என்று தோன்றலாம். கோவை இந்தியப் பம்புத் தொழிலின் தலைநகர். ஆனால் ஒரு தொழிற்சாலைக்குத் திரும்பி வரும் மோட்டார்களில் பெரும்பாலானவை வாரன்டிக் காலத்தில் செத்தவை. வழக்கமான வாரன்டி ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு. அதாவது தொழிற்சாலை பார்ப்பது இளவயது மரணங்களை மட்டும். வாரன்டி முடிந்த மறுநாள் முதல் மோட்டார் உள்ளூர்ப் பட்டறைக்குச் சொந்தம். தேய்மானத்தின் முழுக் கதையும் அங்கேதான் நடக்கிறது, அங்கிருந்து கோவைக்குத் தகவல் திரும்புவதில்லை. பேரிங்கின் மூன்றாவது ஆண்டை யாருக்காகவும் யாரும் வடிவமைக்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

பட்டறைக் கதையிலும் ஒரு சிக்கல். காயில் கட்டி இறக்கிய மோட்டார் புதியதா, பழையதா? காயில் புதிது, ஷாப்ட் பழையது. மேல்தள மோட்டாரின் பழைய காயிலை எரித்து எடுக்கும்போது சூடு கட்டுமீறினால், ஸ்டேட்டர் தகடுகளின் இடையுறை கெட்டு, அடுத்த காயிலின் ஆயுளைக் குறைத்துவிடும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தால், அது மோட்டாரின் முதுமை. சுருங்காமல் ஒரே அளவில் வந்தால், குற்றவாளி மோட்டாருக்கு வெளியே இருக்கிறது, பெரும்பாலும் கம்பத்தில். இதை அறிய எந்தச் சூத்திரமும் வேண்டாம், மூன்று தேதிகள் போதும். அந்த மூன்று தேதிகள் எங்கேயும் எழுதப்படுவதில்லை என்பதுதான் நடப்பு.

ஒரு மாற்றம் வந்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய பிஎம்-குசும் திட்டத்தில் வேளாண்மைப் பொறியியல் துறை வழியாகக் கிடைக்கும் சூரியசக்திப் பம்புகளுக்கு, அமைத்துக் கொடுத்த நிறுவனமே ஐந்தாண்டுப் பராமரிப்புக்குப் பொறுப்பு. தொலைவிலிருந்து ஓட்டத்தைக் கண்காணிக்கும் கருவியும் சேர்ந்து வருகிறது. ஓடிய மணிநேரம், கிளம்பிய எண்ணிக்கை, நின்ற நாள் எல்லாம் முதன்முறையாக எங்கோ பதிவாகின்றன. இரண்டு ஆண்டு வாரன்டியில் தெரியாத தேய்மானம் ஐந்தாண்டில் தலைகாட்டத் தொடங்கும். அந்தத் தரவு நிறுவனங்களின் சர்வரிலேயே கிடந்தால் பயன் குறைவு. எந்த ஆழம், எந்தத் தண்ணீர், எந்தப் பழுது என்ற மூன்றையும் சேர்த்துப் பொதுவில் வைத்தால், தோட்டக்காரரின் கேள்விக்குக் கடைக்காரர் எண்ணோடு பதில் சொல்லலாம்.

அதுவரை தோட்டக்காரர் செய்யக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது, அது கைப்பணத்தோடு தொடர்புடையது. ஆழ்போரில் உறுப்பின் விலையைவிட மோட்டாரைத் தூக்கி இறக்கும் வண்டிக்கூலி உறைக்கும். முன்கூட்டியே மாற்றுவது, வடிவ எண் 1-க்கு மேல் உள்ள உறுப்புக்கு மட்டும் லாபம். மின்னலுக்குப் பயந்து நல்ல மோட்டாரை மாற்றினால் புதிய மோட்டாரையும் மின்னல் அதே வாய்ப்போடு அடிக்கும், அங்கே பணத்தைப் பாதுகாப்புக் கருவிக்கும் எர்த்துக்கும் போட வேண்டும். ஜாயின்டை அடிக்கடி புதுப்பித்தால் கண்டத்தை நாமே கூப்பிடுகிறோம். திரஸ்ட் பேரிங்கும் புஷ்ஷும் மட்டுமே வயது பார்த்து மாற்றத்தக்கவை. ஆகவே வேறு எந்தக் காரணத்துக்காக மோட்டார் மேலே வந்தாலும், அவற்றை அளந்து பார்த்து, பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடலாம். வண்டிக்கூலி ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மார்கழி, தையில் மேலே வந்த மோட்டாருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். அடுத்து அது சாக வாய்ப்புள்ள மாதங்கள் எலுமிச்சைக்கு விலை ஏறும் மாதங்கள். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு மணிநேர மீட்டரை மாட்டி, பழுது வந்த தேதியையும் பட்டறைக்காரர் பார்த்துச் சொன்ன காரணத்தையும் பெட்டிக் கதவின் உட்புறத்தில் பெயின்டால் எழுதிவைத்தால், மோட்டார் கை மாறினாலும் கணக்கு கூடவே போகும்.